இருபது டி-ஷர்ட்டில் ஒரு போர்வை

பழைய டி-ஷர்ட்டுக்கு நம் வீடுகளில் இரண்டே கதி. ஒன்று வண்டி துடைக்கப் போகும், இல்லாவிட்டால் வாசலில் மிதியடியாகும். இரண்டுக்கும் மனம் ஒப்பாத ஒரு ரகம் பீரோவின் கீழ்த்தட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும்: கல்லூரி விழா, மாரத்தான், பழைய வேலை, பிள்ளையின் முதல் பள்ளிச் சுற்றுலா என்று நெஞ்சில் ஏதாவது அச்சடித்தவை. இந்த ரகத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்துப் போர்வையாகத் தைப்பது அமெரிக்க வீடுகளில் பரவலான பழக்கம். கல்லூரி முடிக்கும் பிள்ளைக்குப் பரிசாகத் தைத்துக் கொடுப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளும் அந்த ஊர்க் குளிருக்கும் அந்த ஊர்க் கடைகளுக்கும் ஏற்றவையாகத்தான் இருக்கின்றன. அவற்றை அப்படியே பின்பற்றினால் சென்னையிலோ மதுரையிலோ பத்து மாதம் பீரோவிலேயே கிடக்கும் ஒரு போர்வைதான் மிஞ்சும்.

கீழே இருப்பது நம் ஊரில் கிடைக்கும் சாமான்களை வைத்து, சாதாரணத் தையல் மெஷினில், ஒற்றைக் கட்டில் அளவுக்குத் தைக்கும் முறை. ரவிக்கைக்கு லைனிங் வைத்துத் தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. பனியன் துணியின் குணத்தை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். போர்வை கெட்டுப்போகும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குணத்தில்தான் வந்து முடியும்.

புடவை, வேட்டி, சட்டைத் துணியெல்லாம் நெய்தவை. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் இழுத்தாலும் பெரிதாக நகராது. டி-ஷர்ட் திருப்பூர் பாஷையில் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது. குறுக்கே இழுத்தால் வளையங்கள் விரிந்து கொடுக்கும், விட்டால் திரும்ப முயலும், முழுதாகத் திரும்பாது. வெட்டிய ஓரம் தானாகச் சுருளும். கீழ் ஓரம் அச்சு இருக்கும் முன்பக்கம் பார்த்துச் சுருளும், பக்க ஓரங்கள் உள்பக்கம் பார்த்துச் சுருளும். 15 இஞ்ச் சதுரம் ஒன்றை வெட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது சதுரமாக இருக்காது. அப்படிப்பட்ட இருபது துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைக்கப் பார்ப்பது வீண் வேலை. முதலில் பின்னால் ஒட்டுத்துணி, அதாவது சூட்டில் ஒட்டும் பசை பூசிய மெல்லிய துணி, கொடுத்துத் துணியை நகராமல் கட்டிப்போட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எது தேறும், எது தேறாது

சுத்தப் பருத்தியில், 140 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை உள்ள வட்டக் கழுத்து டி-ஷர்ட்தான் இதற்கு முதல்தரம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். அக்குளில் கிழிந்திருந்தாலோ கழுத்து தொய்ந்திருந்தாலோ கவலையில்லை, அந்த இடங்கள் எப்படியும் போகப்போகின்றன. நெஞ்சுப் பகுதியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தால் அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது. போர்வையில் ஒரு சதுரம் மட்டும் கிழிந்தால் அதை மாற்றுவது பெரும்பாடு என்பதால் இந்த இடத்தில் இரக்கம் பார்க்கக் கூடாது.

லைக்ரா கலந்த இறுக்கமான டி-ஷர்ட்டுகள் தொல்லை. ஒட்டினாலும் திமிறும். ஒன்றிரண்டு இருந்தால் சமாளிக்கலாம், பாதிக்குப் பாதி வேண்டாம். விளையாட்டு ஜெர்சிகள் பாலியஸ்டர். சூடான அயர்ன் பாக்ஸ் பட்டால் பளபளவென்று ஆகிவிடும், இன்னும் சூடானால் உருகும். அவற்றுக்குக் குறைந்த சூட்டில் ஒட்டும் பூச்சு கொண்ட ஒட்டுத்துணி வேண்டும், அல்லது பின்னால் சொல்லப்போகும் வேட்டி முறை. காலர் வைத்த டி-ஷர்ட்டின் தேன்கூடு போன்ற துணி தடிமனானது. முன்பக்கம் பட்டன் பட்டி வேறு குறுக்கே வரும். அதன் முதுகுப் பக்கம் நல்ல வெற்றுச் சதுரமாக உதவும். அச்சுக்கு அச்சு ஒட்டிக்கொண்டு கண் கூசும் போர்வையில் நடுநடுவே வெற்றுச் சதுரங்கள் இருந்தால்தான் மற்றவை எடுபடும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்தும். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வாசனைக்காகவும் மென்மைக்காகவும் கடைசித் தண்ணீரில் ஊற்றும் கண்டிஷனரை மட்டும் இந்த முறை தவிர்த்துவிடுங்கள். அது நூலின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு போலப் படிவதால் ஒட்டுத்துணியின் பசை பிடிக்காது. சிவப்பு, கருப்பு, கருநீலம் ஆகியவற்றைத் தனியாகச் சோதியுங்கள்: ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அயர்ன் செய்தால் சாயம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். ஏறினால் அந்தச் சட்டையைச் சாயம் நிற்கும்வரை தனியே அலசுங்கள், அப்போதும் நிற்காவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம்பி வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட வேண்டாம். சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, வெளியே வந்த துணியில் கிடையாது.

கணக்கு

வெட்டும் அளவு 15 இஞ்ச் சதுரம். நான்கு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்குப் போனால் 14 இஞ்ச் தெரியும். அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என்று இருபது சதுரம் வைத்தால் 56 × 70 இஞ்ச். பெரியவர்களின் டி-ஷர்ட்டில் நெஞ்சு அச்சு பெரும்பாலும் 12 இஞ்ச் அகலத்துக்குள் இருப்பதால் 14 இஞ்சில் அடங்கும். முன்னும் பின்னும் அச்சு இருக்கும் சட்டையில் இரண்டு சதுரம் கிடைக்கும், ஆகவே பதினான்கு பதினைந்து சட்டையிலேயே வேலை முடிந்துவிடுவதும் உண்டு. குழந்தைக்கு என்றால் 13 இஞ்சாக வெட்டி, மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு சதுரம் வையுங்கள், 36 × 48 வரும். சிறுவர் சட்டைகளில் 15 இஞ்ச் அகலமே கிடைக்காது. அவற்றைப் பெரிய போர்வையில் சேர்ப்பதானால் சுற்றிலும் பருத்திச் சட்டைத்துணியில் சட்டம் போல ஒரு பட்டி சேர்த்து 15 ஆக்கிக்கொள்ளலாம்.

கால் இஞ்ச் தையல் போதும் என்று வெளிநாட்டுச் செய்முறைகளில் இருக்கும். அது நெய்த பருத்திக்கு. பனியன் துணியில் கால் இஞ்ச் விட்டால் ஓரம் நழுவி, துவைக்கத் துவைக்கத் தையல் பிரியலாம். அரை இஞ்ச் கொஞ்சம் தாராளம்தான், இருக்கட்டும்.

ஒட்டுத்துணி: டெய்லரிங் சாமான் கடையில் ஒட்டும் பேப்பர் கேன்வாஸ், இருப்பதிலேயே மெல்லியது என்று கேளுங்கள். ஒரு பக்கம் தடவினால் பசைப் புள்ளிகள் சொரசொரவென்று தட்டுப்படும். சட்டைக் காலருக்கு வைக்கும் கெட்டியான கேன்வாஸைக் கொடுத்தால் வாங்காதீர்கள், போர்வை அட்டைப்பெட்டி மாதிரி நிற்கும். கையில் கசக்கிப் பார்த்து, விட்டதும் சத்தமில்லாமல் தொங்கினால் சரியான ரகம். ஒவ்வொரு சதுரத்துக்கும் 17 இஞ்ச் துண்டு வேண்டும். 36 இஞ்ச் அகலத்தில் வரிசைக்கு இரண்டு என்று பத்து வரிசை, 170 இஞ்ச், அதாவது நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மீட்டராக வாங்கிவிட்டால் சோதனைத் துண்டுக்கும் சேர்த்து ஆகும்.

அடித்துணி, அதாவது போர்வையின் பின்பக்கத் துணி, சதுரங்களைச் சேர்த்துத் தைத்த மேல்பாகத்தைவிட நான்கு பக்கமும் நான்கு இஞ்ச் பெரிதாக, 64 × 78 இருக்க வேண்டும். சிங்கிள் பெட்ஷீட்டின் அகலம் சாதாரணமாக 60 இஞ்ச் என்பதால் பற்றாது, டபுள் பெட்ஷீட் வேண்டும். இல்லையென்றால் ஒரு பழைய பருத்திப் புடவை. ஐந்தரை மீட்டர் புடவையில் 80 இஞ்ச் நீளமாக இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால் வேண்டியதற்கு மேலேயே அகலம் கிடைக்கும். ஃபால்ஸைப் பிரித்துவிடுங்கள். புடவையில் குதிகால் உரசும் கீழ்க்கரையும், கொசுவம் செருகும் இடமும் முதலில் நைந்துபோகும். அவற்றை வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்க வேண்டும். எட்டு முழ வேட்டியை அடித்துணியாக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டாக வெட்டினால் நீளம் 72 இஞ்ச்தான் வரும், 78 வராது. வேட்டிக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

ஒட்டுவது

வரிசை முக்கியம். முதலில் கரடுமுரடாக வெட்டு, பிறகு ஒட்டு, கடைசியில்தான் அளவு வெட்டு. அவசரத்தில் பலரும் முதலிலேயே 15 இஞ்சுக்கு வெட்டிவிட்டு, சுருண்ட ஓரத்தோடு ஒட்டுத்துணியில் மல்லுக்கட்டுகிறார்கள்.

சட்டையின் இரு பக்கத் தையலோரமாக அக்குள்வரை வெட்டி, கைகளையும் தோள்களையும் எடுத்துவிட்டால் முன்பக்கம் தனியாக, முதுகு தனியாக வந்துவிடும். அச்சு நடுவில் வரும்படி சுமார் 18 இஞ்சுக்குக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அச்சு கீழே போகும்படி கவிழ்த்து வைத்து, இழுக்காமல் கையால் நீவி, ஒட்டுத்துணியின் சொரசொரப்பான பக்கம் சட்டையைத் தொடும்படி மேலே போடுங்கள். மெல்லிய பேப்பர் கேன்வாஸை இரு கையிலும் பிடித்து இழுத்தால் ஒரு வாக்கில் கொடுக்கும், மறுவாக்கில் கொடுக்காது. கொடுக்காத வாக்கு சட்டையின் குறுக்குவாக்கோடு சேர வேண்டும், ஏனென்றால் பனியன் துணி அதிகம் விரிவது குறுக்கேதான். இந்த ஒன்றைக் கவனிக்காவிட்டால் ஒட்டியும் பயன் பாதிதான்.

அயர்ன் பாக்ஸைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, பத்துப் பன்னிரண்டு எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு சதுரத்துக்கு ஒன்பது பத்து இடத்தில் வைத்தெடுக்க வேண்டியிருக்கும். தேய்த்தால் துணி அலையாக நீண்டுகொண்டே போகும், அந்த நிலையிலேயே பசையும் பிடித்துவிடும். சூடு, நேரம், ஈரத்துணி வேண்டுமா என்பதெல்லாம் ஒட்டுத்துணிக்கு ஒட்டுத்துணி மாறும். வெட்டியெறிந்த கைத் துண்டில் முதலில் ஒட்டிப்பாருங்கள், ஆறிய பிறகு மூலையைப் பிய்த்துப்பாருங்கள். சுலபமாகப் பிரிந்தால் சூடு போதவில்லை. பசை சூட்டில் உருகி, ஆறும்போதுதான் இறுகும் என்பதால் ஒட்டிய கையோடு துண்டைத் தூக்கி மடிக்கக் கூடாது. முழுதாக ஆறும்வரை விரித்தே கிடக்கட்டும்.

அச்சின் மேல் நேரடியாக அயர்ன் பாக்ஸ் படவே கூடாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை ஒருவகைப் பிளாஸ்டிக், சூட்டில் இளகிப் பெட்டியின் அடியில் ஒட்டி இழுபடும். கவிழ்த்து ஒட்டும்போதும் மேசைத்துணியில் அச்சு பதியாதிருக்க அடியில் பட்டர் பேப்பர் விரிப்பது நல்லது. ஓட்டை ஓட்டையான ஜெர்சித் துணிக்கு அது கட்டாயம், பசை ஓட்டை வழியாக இறங்கி மேசையோடு ஒட்டிவிடும். பிளாஸ்டிக் தாள் போல மேலே ஒட்டியிருக்கும் எழுத்துகளும் உப்பலான அச்சுகளும் சூட்டை அறவே தாங்காது. அவற்றுக்கு வேட்டி முறைதான்.

வேட்டி முறை என்பது ரவிக்கை லைனிங் வைப்பதேதான். பழைய வேட்டியை 16 இஞ்ச் சதுரங்களாக வெட்டி, டி-ஷர்ட் துண்டை அதன்மேல் விரித்து, குண்டூசி குத்தி, அளவு ஓரத்துக்குக் கால் இஞ்ச் உள்ளே நான்கு பக்கமும் நீளத் தையலாக ஓட்டிவிட்டு, பிறகு 15 இஞ்சுக்கு வெட்டுவது. 50 இஞ்ச் அகல எட்டு முழ வேட்டியில் இருபத்தேழு சதுரம் தேறும், நைந்த இடங்களைக் கழித்தாலும் இருபது உறுதி. செலவே இல்லை, துணியும் உடம்புக்கு இதமாக இருக்கும். குறை என்னவென்றால், நடுப்பகுதி ஒட்டாமல் நிற்பதால் நாளடைவில் டி-ஷர்ட் மட்டும் தொய்ந்து வயிறு போடும். அதனால் பின்னால் மேல்பாகம், நடு அடுக்கு, அடித்துணி என்று மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது தையல்களை நெருக்கமாகப் போட வேண்டியிருக்கும். மெஷின் வேலைக்கு ஒட்டுத்துணி, கைத்தையலுக்கு வேட்டி என்று பிரித்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது

15 இஞ்ச் சதுரத்தை கெட்டி அட்டையில் வெட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால் அடியில் இருப்பது தெரியும், இரண்டைச் சேர்த்து ஒட்டி அளவாக்கிக்கொண்டால் அட்டையைவிட வசதி.

நிறையத் துவைத்த டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலின் முறுக்கு சிங்கிள் ஜெர்சியில் அப்படி வேலை செய்யும். ஆகவே பக்கத் தையலை வைத்து நேர் பார்க்க முடியாது. துணியில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரிகளைப் பார்க்கலாம். ஆனால் அச்சே அந்த வரிக்குச் சாய்ந்திருந்தால் அச்சைத்தான் நேராக வைக்க வேண்டும். போர்வையைப் பார்க்கிறவர் கண் எழுத்தைத்தான் பார்க்கும், துணியின் வரியை யாரும் பார்க்கப்போவதில்லை. ஒட்டியாகிவிட்டதால் துணி கோணலாக வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை.

அச்சின் மேல் விளிம்புக்கும் வெட்டும் ஓரத்துக்கும் ஒன்றரை இஞ்சாவது இடைவெளி வேண்டும். அரை இஞ்ச் தையலில் போய், ஒரு இஞ்ச் மூச்சு விட இருக்கும். கழுத்துக்கு மிக அருகில் அச்சு இருந்தால் ரிப் பட்டியோடு சேர்த்தே வெட்டி, கழுத்து ஓட்டைக்குப் பின்னால் அதே நிறத் துணி ஒன்றைக் கொடுத்து, பட்டியோரமாக மேலே தைத்துவிடலாம். பார்க்க லட்சணமாகவே இருக்கும்.

சேர்ப்பது

தரையில் இருபதையும் பரப்பி, ஒரு நாள் அப்படியே விட்டுப் போக வர பாருங்கள். அடர் நிறங்கள் ஒரே மூலையில் குவியக் கூடாது, தடித்த துணிகள் அடுத்தடுத்து வரக் கூடாது. முடிவானதும் மொபைலில் ஒரு படம் எடுத்து, ஒவ்வொன்றின் இடது மேல்மூலையிலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். எண் ஒட்டிய மூலைதான் மேல்பக்கம் என்று வைத்துக்கொண்டால் தலைகீழாகத் தைக்கும் தவறு நடக்காது. இருபதில் ஒன்றாவது தலைகீழாகப் போவது சகஜம், அதுவும் வரிசைகளைச் சேர்த்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

ஊசி பால் பாயிண்ட், 14-ஆம் நம்பர். கூர் ஊசி வளையத்தின் நூலையே அறுக்கும், அந்த இடத்தில் முதலில் ஒரு புள்ளி தெரியும், துவைக்கத் துவைக்க ஓட்டையாகும். பால் பாயிண்ட் ஊசி நூல்களை விலக்கிக்கொண்டு நுழையும். திருப்பூர்ப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும், மற்ற ஊர்களில் பனியன் துணிக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் டென்ஷனைத் திருகுவதற்கு முன் ஊசியை மாற்றிப்பாருங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். நூல் பாலியஸ்டர், தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர்.

ஒரு வரிசையில் நான்கு சதுரம் என்று ஐந்து வரிசைகளைத் தனித்தனியே தைத்து, பிறகு வரிசைகளைச் சேருங்கள். தடித்த துணியை மெஷினின் பல் பக்கம், கீழே வைத்துத் தைத்தால் இரண்டும் சமமாக நகரும். தைக்கும்போது பின்னாலிருந்து துணியை இழுப்பது பல தையற்காரர்களின் கைப்பழக்கம். இங்கே அது ஆகாது. ஒட்டுத்துணி இருந்தும் ஓரம் அலையலையாக வந்தால் காரணம் இரண்டில் ஒன்று: கை இழுக்கிறது, அல்லது துணியைப் பிடிக்கும் மெஷின் பாதம் அதிகமாக அழுத்துகிறது. தலைப்பக்கத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கலாம். தைத்த மடிப்பை இரண்டு பக்கமும் விரித்து, உள்பக்கமிருந்து அயர்ன் செய்யுங்கள். ஒரே பக்கம் சாய்த்தால் நான்கு சதுரம் கூடும் மூலையில் பல அடுக்கு பனியனும் கேன்வாஸும் ஒரே இடத்தில் குவிந்து, அங்கே ஊசி உடையும்.

மொத்த இணைப்புத் தையலையும் கூட்டினால் 434 இஞ்ச், பதினோரு மீட்டர்தான். ஒரு மாலை வேலை. ஒட்டுவதும் வெட்டுவதும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

நடுவில் என்ன வைப்பது

சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: ஒன்றும் வேண்டாம், அல்லது ஒரு பழைய பருத்தி பெட்ஷீட். டி-ஷர்ட், ஒட்டுத்துணி, அடித்துணி மூன்றுமே சேர்ந்து மின்விசிறிக்கும் ஏசிக்கும் போதுமான போர்வை. வெயில் நாடுகளில் பழந்துணிப் போர்வை அப்படித்தான் இருந்திருக்கிறது. வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கௌதியும் மகாராஷ்டிரத்துக் கோதடியும் பஞ்சு வைக்காமல், பழைய புடவைகளையும் துணிகளையும் அடுக்கி ஓட்டுத் தையல் போட்டவைதான். காந்தாவுக்கு நூல்கூட பழைய புடவைக் கரையிலிருந்து உருவியதாக இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 100 முதல் 200 ஜிஎஸ்எம் பைபர் ஷீட் (பாலியஸ்டர் இழையால் ஆன பஞ்சு விரிப்பு) வைக்கலாம். மெத்தை, சோபா சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். எடை கூடாமல் வெதுவெதுப்பு கொடுக்கும். 100 ஜிஎஸ்எம் வைத்த இந்த அளவுப் போர்வை சுமார் 1.2 கிலோ வரும். டர்க்கி டவல்களை நடுவில் வைத்தால் இரண்டு கிலோவைத் தொடும், நனைந்தபின் தூக்கிப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். இலவம் பஞ்சை மட்டும் வைக்காதீர்கள். இழை குட்டையானது, வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. இரண்டு துவைப்பில் நான்கு மூலைக்கும் உருண்டு கட்டியாகிவிடும். தலையணைக்கு ஏற்ற குணம் போர்வைக்கு ஆகாது.

நடு அடுக்கும் மேல்பாகத்தைவிடச் சுற்றிலும் இரண்டு இஞ்ச் பெரிதாக, 60 × 74 இருக்கட்டும். பெட்ஷீட் துண்டுகளைச் சேர்ப்பதானால் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு முட்டவைத்து, கையால் குறுக்குத் தையல் போட்டால் மேடு தட்டாது.

மூன்றடுக்கும் ஒன்றாக

இந்த வேலைக்கு டைல்ஸ் தரை ஒரு வரம். இரண்டடி டைல் என்றால் கோட்டுக்குக் கோடு 24 இஞ்ச், போர்வை நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தனி அளவுகோலே வேண்டாம். அடித்துணியை நல்ல பக்கம் கீழே போகும்படி விரித்து, விறைப்பாக, ஆனால் இழுபடாமல் மாஸ்கிங் டேப்பால் ஓரங்களைத் தரையோடு ஒட்டுங்கள். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் தைத்த மேல்பாகம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவி, ஊக்குகளைக் குத்துங்கள். ஏழு இஞ்சுக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய நூறு ஊக்கு ஆகும். அச்சின் மேல் குத்தாதீர்கள், பிளாஸ்டிக் மையில் விழுந்த ஓட்டை மூடாது. தைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தால் மலிவான ஊக்குகளை நம்ப வேண்டாம், கடலோர ஊர்களில் துருக்கறை நிச்சயம்.

பின்பக்கம் சுருக்கம் விழுந்துவிட்டது என்பதுதான் இதில் அதிகம் கேட்கும் புலம்பல். அடித்துணியைத் தளர்வாக விரித்ததுதான் அதற்குக் காரணம், மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. தரையிலேயே கவிழ்த்துப் பார்த்து, தளர்வாக இருந்தால் ஊக்குகளைப் பிடுங்கி மறுபடி விரிப்பது அரை மணி நேர வேலை. தைத்த பிறகு பிரிப்பது ஒரு நாள் வேலை.

மெஷினில் தைப்பதானால், சதுரங்கள் கூடும் கோட்டின் மேலேயே மூன்று அடுக்கும் சேரத் தையல் போட்டால் போதும். நீளம் மூன்று மூன்றரை மில்லிமீட்டர். நடுக் கோட்டிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும், ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்வெல்லாம் நடுவில் வந்து குவியும். இரு பக்கத்தையும் பாய் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டினால்தான் மெஷின் கழுத்துக்குள் நுழையும். நடுக் கோட்டைத் தைக்கும்போது 28 இஞ்ச் சுருள் உள்ளே போக வேண்டியிருக்கும்: பெட்ஷீட் வைத்தது நுழையும், 200 ஜிஎஸ்எம் பைபர் வைத்தது சாதாரண வீட்டு மெஷினில் நுழைவது கஷ்டம். மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் உங்கள் மெஷினுக்குக் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். வேட்டி முறையில் செய்தவர்கள் அச்சைச் சுற்றி அரை இஞ்ச் தள்ளி ஒரு கட்டம் கூடுதலாகத் தைக்க வேண்டும். அச்சின் மேலேயே தைத்தால் ஊசி மையில் சிக்கிச் சூடேறிப் பிசுபிசுக்கும், தையல் விட்டுவிட்டு விழும்.

மெஷினில் நுழையாத போர்வைக்கு முடிச்சு போடலாம். ஆறு இழை எம்பிராய்டரி நூலை இரட்டையாகக் கோத்து, மேலிருந்து கீழே குத்தி, கால் இஞ்ச் தள்ளி மேலே எடுத்து, வலது மேல் இடது, இடது மேல் வலது என்று இரட்டை முடிச்சிட்டு, ஒரு இஞ்ச் விட்டு நறுக்குங்கள். சதுரங்கள் கூடும் மூலைகளில் பன்னிரண்டு, ஒவ்வொரு இணைப்பின் நடுவிலும் ஒன்றாக முப்பத்தொன்று, ஆக நாற்பத்து மூன்று முடிச்சு. எல்லாம் இணைப்பின் மேலேயே விழுவதால் கெட்டியாகப் பிடிக்கும். சதுரத்தின் நடுவில் வெறும் பனியன் மேல் போட்ட முடிச்சு துணியைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும், அங்கே வேண்டுமானால் ஒரு சட்டைப் பட்டனைக் கொடுத்துக் கட்டலாம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் போர்வையில் பட்டனே கூடாது.

ஓரம்

மூன்று அடுக்கையும் நேராக வெட்டியபின் சுற்றளவு சுமார் 252 இஞ்ச் வரும். மடக்கவும் சேர்க்கவும் சேர்த்து 264 இஞ்ச் பட்டி தேவை. 44 இஞ்ச் அகலப் பருத்தித் துணியில் இரண்டரை இஞ்ச் பட்டி ஏழு, அரை மீட்டர் துணி. கிராஸ் பட்டி தேவையில்லை, வளைவில்லாத ஓரத்துக்கு நேர்ப்பட்டியே நன்றாக உட்காரும். பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்து, வெட்டிய விளிம்புகளைப் போர்வையின் முன்பக்க விளிம்போடு வைத்து மூன்று நூல் அளவில், அதாவது இஞ்சை எட்டாக்கினால் மூன்று பங்கு தள்ளித் தைத்து, மடிந்த பக்கத்தைப் பின்னால் திருப்பி ஹெம்மிங் செய்ய வேண்டும். மூலை வருவதற்கு மூன்று நூல் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேலே சாய்வாக மடித்து, அப்படியே கீழே திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை தானாகக் கூராக விழும்.

புடவையை அடித்துணியாக வைத்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மேல் இரண்டு அடுக்கை மட்டும் அளவுக்கு வெட்டி, புடவையை ஒரு இஞ்ச் வெளியே விட்டு, அரை இஞ்ச் அரை இஞ்சாக இரண்டு முறை முன்னால் மடித்துத் தைத்துவிடலாம். தனிப் பட்டி வேண்டாம். ஆனால் ஓரம்தான் போர்வையில் முதலில் நையும் இடம். பழைய புடவையின் மடிப்பு நைந்துவிட்டால் மேலே புதுப் பட்டி போட வேண்டிவரும். இன்னொன்று, டி-ஷர்ட் துணியிலேயே ஓரப்பட்டி போடும் ஆசையை விட்டுவிடுங்கள். இழுபட்டு இழுபட்டுக் கீரைக்கட்டு மாதிரி நெளியும்.

முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த தண்ணீரில். மெஷினில் போடுவதானால் குறைந்த சுழற்சியே போதும். கொடியில் ஒற்றைக் கம்பியில் தொங்கவிட்டால் நனைந்த எடை முழுவதும் ஒரு கோட்டில் இறங்கித் துணி நீளும், இரண்டு மூன்று கம்பிகளின் மேல் பரப்பியோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்தோ, அடித்துணி வெயில் பார்க்கக் காயவையுங்கள். துவைத்தபின் ஏதாவது சதுரத்தில் கொப்புளம் தெரிந்தால் அங்கே பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பட்டர் பேப்பர் வைத்து அடிப்பக்கமிருந்து ஒருமுறை அழுத்திப்பாருங்கள், நடு அடுக்கு பைபராக இருந்தால் மட்டும் சூடு குறைவாக. மடித்து வைக்கும்போது அச்சும் அச்சும் முகம் பார்க்கக் கூடாது. சித்திரை வெயிலில் பீரோவுக்குள் பிளாஸ்டிக் மை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் வந்துவிடும்.